என்.பி.ஏ. அணியின் கடைசி இடங்கள் யாருக்குக் கிடைக்கின்றன?

சென்னையில் காலைக் காபியோடு என்.பி.ஏ. என்னும் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கைப் பார்க்கும் நண்பர், அணியின் பதினைந்தாவது வீரர் எப்படித் தேர்வாகிறார் என்று கேட்டிருக்கிறார். கோடையில் 21 பேர் வரை வைத்திருக்கும் அணி, சீசன் தொடங்குமுன் 15 வழக்கமான ஒப்பந்தங்களுக்கும், ஜி லீக் என்னும் துணை லீக்கிலும் ஆடக்கூடிய 3 இருவழி ஒப்பந்தங்களுக்கும் சுருங்கியாக வேண்டும். இதைத் திறமை மட்டுமே தீர்மானிப்பதில்லை. மொத்த ஊதியம் ஆடம்பர வரி வரம்பைத் (அதற்கு மேல் செலவிடும் அணி லீக்குக்கு அபராதம்போல் வரி கட்ட வேண்டும்) தாண்டிய அணிக்குக் குறைந்தபட்ச ஊதிய வீரர்கூடப் பன்மடங்கு செலவாகிவிடுவதால், சில அணிகள் 14 பேரோடு நிறுத்தி, கடைசி இடத்தை வீரர் பரிமாற்றத்துக்காகக் காலியாகவே விட்டுவைக்கின்றன. ஜனவரி 5 முதல் அதைப் பத்து நாள் ஒப்பந்தங்களால் நிரப்பலாம். ஒரே அணியில் இருமுறை முடிந்தபின், சீசன் முழுமைக்கும் எடுக்க வேண்டும், இல்லையேல் அனுப்பிவிட வேண்டும். இருவழி வீரருக்குப் பிளேஆஃப் என்னும் இறுதிக்கட்ட நாக்-அவுட் தொடர்களில் இடமில்லை. 2015இல் டிராஃப்ட் என்னும் புதுமுக வீரர் தேர்வில் டல்லாஸ் அணி 52ஆவதாகத் தேர்ந்தெடுத்த நம் நாட்டுச் சத்னாம் சிங், துணை லீக்கைத் தாண்டவே இல்லை.