ராத்திரி 2.42-க்கு எதுக்கு எந்திரிக்கிறாங்க?

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என் பையன் அமெரிக்காவுல டெக்சாஸ் ஏ அண்ட் எம் யுனிவர்சிட்டியில எம்.எஸ். படிக்கிறான். நவம்பர் 18 மதியம் பாத்தா வாட்ஸப்ல ஆன்லைன்னு காட்டுது, அங்க ராத்திரி ரெண்டு மணியாச்சே, இன்னும் தூங்கலையான்னு போன் போட்டேன். "அம்மா, இங்க பேசக்கூடாது, அப்புறம் கூப்பிடறேன்"னு குசுகுசுன்னு சொல்லிட்டு வச்சுட்டான். மறுநாள் கேட்டா ஏதோ புல்வெளியில நின்னேன், பான்ஃபயர் நினைவு நாள்ங்கிறான். எனக்கு ஒண்ணும் புரியல, மனசுக்குள்ள பயமாவும் இருக்கு. அது என்னங்க ஐயா?
(ஒரு அம்மா, கரூர்)

பதில்: பயப்படாதீங்கம்மா, உங்க பையன் நல்ல காரியத்துக்குத்தான் போய் நின்னிருக்கான். அவங்க ஊர்ல ராத்திரி 2.42ன்னா நமக்கு மதியம் 2.12. 1999 நவம்பர் 18, வியாழக்கிழமை, அந்த நேரத்துலதான் காலேஜ் ஸ்டேஷன்ல இருக்கிற அந்த கேம்பஸ்ல பசங்களே கட்டிக்கிட்டிருந்த மரக்கட்டை கோபுரம் சரிஞ்சு விழுந்துச்சு. 12 பேர் செத்துப்போனாங்க, 27 பேருக்கு அடி. செத்தவங்கள்ல 11 பேர் அங்க படிச்சுக்கிட்டிருந்த பிள்ளைங்க, ஒருத்தர் படிப்ப முடிச்சுட்டுப் போனவர், பழைய பாசத்துல கை குடுக்க வந்தவர். அதனாலதான் வருஷா வருஷம் அதே நாள், அதே இடம், அதே நிமிஷத்துல கூடி நிக்கிறாங்க.

கோபுரம் எதுக்குன்னு கேப்பீங்க. அங்க ஆஸ்டின்ல இருக்கிற டெக்சாஸ் யுனிவர்சிட்டிக்கும் இவங்களுக்கும் ஃபுட்பால்ல ஜென்மப் பகை (நம்ம கால்பந்து இல்ல, பந்தைக் கக்கத்துல இடுக்கிட்டு முட்டி மோதி ஓடுவாங்களே அது). அந்த மேட்ச் நவம்பர் கடைசியில தேங்க்ஸ்கிவிங் பண்டிகைய ஒட்டி வரும், அதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி அந்தக் கட்டைக் கோபுரத்தைக் கொளுத்திப் பெருசா தீ மூட்டி எல்லாரும் கூடி கோஷம் போடுவாங்க, அதுதான் பான்ஃபயர். கார்த்திகைக்குக் கோயில் வாசல்ல சொக்கப்பனை கொளுத்துறதை நினைச்சுக்கோங்க, ஆனா ஒத்தப் பனைமரம் இல்ல, ஆயிரக்கணக்கான கட்டை. கேம்பஸுக்குள்ள முதமுதல்ல கொளுத்துனது 1909-ல, அப்ப வெறும் குப்பைக்கூளம், பழைய பெட்டி இப்படித்தான். 1935-ல பசங்க ஒரு விவசாயியோட மரக்கொட்டகைய அப்படியே பேத்து எடுத்துட்டு வந்து எரிச்சுட்டாங்க, அவரு வந்து புகார் பண்ண, நிர்வாகமே அடுத்த வருஷத்துலேர்ந்து கோடாலி, ரம்பம், லாரி எல்லாம் குடுத்து, பட்டுப்போன மரம் எங்க இருக்குன்னும் காட்டி விட்டாங்க. அப்புறம் வருஷத்துக்கு வருஷம் வளந்துச்சு. 1969-ல 109 அடி 10 அங்குலம்! அதுக்கப்புறம்தான் 55 அடிக்கு மேல கூடாதுன்னு கட்டுப்பாடு வந்துச்சு.

நடுவுல ஒரே ஒரு வருஷம், 1963-ல, கட்டி நிறுத்துனதை எரிக்காம பிரிச்சுட்டாங்க. அந்த மாசம்தான் கென்னடிய அதே டெக்சாஸ்ல சுட்டுக் கொன்னாங்க.

கேள்வி: சார், நான் சிவில் மூணாவது வருஷம். அங்க சிவில் டிபார்ட்மெண்ட்டே பெரிய பேரு வாங்குனது. அப்படிப்பட்ட காலேஜ்ல எப்படி சார் ஒரு ஸ்ட்ரக்சர் இப்படி விழும்? நடுக்கம்பம் முறிஞ்சுடுச்சுன்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க, உண்மையா?
(ஒரு மாணவர், கோயம்புத்தூர்)

பதில்: தம்பி, நடுக்கம்பம்தான் காரணம்னு அப்பவும் நிறைய பேர் நினைச்சாங்க, ஆனா விசாரணையில வந்தது வேற. ஹூஸ்டன்ல கட்டுமானத் தொழில் பண்ணிக்கிட்டிருந்த லியோ லின்பெக் தலைமையில ஒரு கமிஷன் போட்டு, 2000 மே மாசம் அறிக்கை குடுத்தாங்க.

முதல்ல அது எப்படி இருந்துச்சுன்னு பாரு. கல்யாண கேக் மாதிரி அடுக்கு அடுக்கா, கீழ அகலம் மேல போகப் போகக் குறுகல், எல்லாம் நிக்க வச்ச கட்டைங்க, கிட்டத்தட்ட 5,000 கட்டை, அன்னைக்கு உயரம் 59 அடி, அந்த 55 அடி கட்டுப்பாட்டையும் தாண்டி. ஒரு கட்டு விறகைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிட்டு அதோட நடுவுல இன்னும் நாலு விறகை சுத்தியலால அடிச்சு இறக்குனா என்ன ஆகும், கட்டு வெளிப்பக்கமாப் பிதுங்கும், ஒரு கட்டத்துல கயிறு அறுந்துடும். அங்க நடந்தது அதேதான். ரெண்டாவது அடுக்குக் கட்டைங்களை முதல் அடுக்கோட இடுக்குல ஆப்பு மாதிரி சொருகிட்டாங்க, அது கீழ் அடுக்கை வெளிய தள்ளிக்கிட்டே இருந்துச்சு, அந்தத் தள்ளலைத் தாங்குறதுக்கு இருந்தது கட்டைங்களைக் கட்டுன கம்பி மட்டும்தான். முன்னாடி வருஷங்கள்ல முதல் அடுக்கைச் சுத்தி ஸ்டீல் கேபிள் போட்டு இறுக்குவாங்களாம், அந்த வருஷம் அது போடல.

ஆனா நீ முக்கியமாத் தெரிஞ்சுக்க வேண்டியது அந்த கேபிள் இல்ல தம்பி. அவ்வளவு பெரிய என்ஜினியரிங் காலேஜுக்கு நடுவுல நின்ன அந்த கோபுரத்துக்கு ஒரு என்ஜினியர் போட்ட முறையான டிசைன் இல்ல. சீனியர் ஜூனியருக்கு சொல்லிக் குடுப்பான், அவன் அடுத்தவனுக்கு, இப்படி வாய்வழியா வந்த வேலை, ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சம் மாறும், எது முக்கியம் எது சும்மா பழக்கம்னு யாருக்கும் பிரிச்சுத் தெரியாது. எந்த வேலைக்கு யாரு பொறுப்புங்கிறது ஹெல்மெட் கலர்ல தெரியும், சிவப்பு ஹெல்மெட் போட்ட சீனியர் பசங்கதான் தலைமை, அவங்களுக்கும் இருபத்தி சொச்சம் வயசு. 1994-ல மழையில மண்ணு இளகி கோபுரம் சாஞ்சப்ப அதைப் பிரிச்சுப் போட்டு ராப்பகலா மறுபடி கட்டி எரிச்சாங்க, அதை ஒரு வீரக்கதையாத்தான் அங்க பேசுனாங்க, அது ஒரு எச்சரிக்கைன்னு யாரும் எடுத்துக்கல. எனக்கு அந்த அறிக்கையப் பத்திப் படிக்கிறப்ப நெஞ்சு அடைச்ச இடம் இதுதான். கமிஷனும் அதைத்தான் சொல்லுச்சு, ஆபத்தைப் பாக்க விடாம அந்தக் கலாச்சாரமே கண்ணை மறைச்சுடுச்சுன்னு. பாசம் வச்ச ஒண்ணை சந்தேகமாப் பாக்க யாருக்கும் மனசு வரல தம்பி. நிர்வாகத்துல இருந்த பெரியவங்களும் அதே காலேஜ் பாசத்துல இருந்தவங்கதான், ஆனா நிறுத்துன்னு சொல்லியிருக்க வேண்டியவங்க அவங்கதான், பசங்க மேல பழியப் போட எனக்கு மனசு ஒப்பல.

விழுந்தப்ப அது மேல வேலை பார்த்துக்கிட்டிருந்தவங்க 58 பேர். பெரிய மெஷின் வச்சு இழுத்தா மிச்சமும் சரிஞ்சு உள்ள மாட்டுனவங்களைக் கொன்னுடும்னு நிறைய கட்டைங்களைக் கையாலதான் தூக்குனாங்க, காலேஜ் ஃபுட்பால் டீம் பசங்க மொத்தமா ஓடி வந்து தோள் குடுத்தாங்க, எந்தக் கட்டைய முதல்ல எடுக்கணும்னு சொல்ல சிவில் டிபார்ட்மெண்ட்காரங்களைக் கூப்பிட்டாங்க. கட்டுறப்ப கேக்காத கேள்விய அன்னைக்குத்தான் கேட்டாங்க. மீட்பு வேலை ஒரு நாளுக்கும் மேல ஓடுச்சு.

கேள்வி: இவ்வளவு பகையா இருந்த அந்த எதிர் காலேஜ்காரங்க என்ன பண்ணாங்க? மேட்ச் நடந்துச்சா?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: நடந்துச்சுங்க, நவம்பர் 26-ஆம் தேதி. அதுக்கு முன்னாடியே ஆஸ்டின்ல அவங்க மேட்சுக்காக வழக்கமா மெழுகுவத்தி ஏத்தி நடத்துற கூட்டத்தை அஞ்சலிக் கூட்டமா மாத்திட்டாங்க. தீ மூட்ட வேண்டிய ராத்திரியில ஏ அண்ட் எம்ல தீக்குப் பதிலா ஆயிரக்கணக்கான பேர் மெழுகுவத்தியோட அதே இடத்துல வந்து நின்னாங்க. மேட்ச் இடைவேளையில எதிர் காலேஜ் பேண்டுக்காரங்க தொப்பியக் கழட்டிட்டு அஞ்சலி இசை வாசிச்சாங்க, இவங்க பேண்ட் சத்தமே இல்லாம நடந்து வெளியேறுச்சு. மேட்ச்ல ஏ அண்ட் எம் 20-16ன்னு ஜெயிச்சுது, ஆனா அன்னைக்கு ஸ்கோரைப் பத்தி யாருக்கு என்ன.

இன்னொண்ணும் சொல்லணும், கரூர் அம்மா கேட்டதுக்கும் இது பதில். அந்தக் காலேஜுக்கு துக்கம் காக்கத் தெரியும். படிக்கிற பிள்ளை யாராவது இறந்துட்டா சில்வர் டாப்ஸ்னு ஒண்ணு வைப்பாங்க, மாசத்துல முதல் செவ்வாய்க்கிழமை ராத்திரி விளக்கைக் குறைச்சுட்டு எல்லாரும் பேச்சில்லாம வந்து நிப்பாங்க, ஊதுகுழல்ல மூணு தடவை ஊதுவாங்க, வடக்க பாத்து, தெற்க பாத்து, மேற்க பாத்து. கிழக்கப் பாத்து ஊத மாட்டாங்க, அந்தப் பிள்ளைக்கு இனிமே சூரியன் உதிக்காதுங்கிறதால. அப்புறம் ஏப்ரல் 21-ல மஸ்டர்னு ஒரு நாள், அந்த வருஷம் போனவங்க பேரை அட்டெண்டன்ஸ் எடுக்கிற மாதிரி ஒவ்வொண்ணா கூப்பிடுவாங்க, அவங்களுக்காக வீட்டுக்காரங்களோ சிநேகிதங்களோ குரல் குடுப்பாங்க. நாம பள்ளிக்கூடத்துல "உள்ளேன் ஐயா" சொல்லுவோமே, அதேதான்.

கேள்வி: பாதுகாப்பா, நிபுணர்களை வச்சு திரும்ப நடத்தலாமே? ஒரு விபத்துக்காக ஒரு பாரம்பரியத்தையே நிறுத்துறது சரியா?
(வாசகர், மதுரை)

பதில்: இந்தப் பேச்சு அங்கயும் வந்துச்சுங்க. 1999-க்கு அப்புறம் கேம்பஸ்ல பான்ஃபயர் கிடையாது. பசங்க சில பேரு கேம்பஸுக்கு வெளிய காலேஜ் தொடர்பு இல்லாம இன்னைக்கும் கட்டுறாங்க, அதுல டிசைனை மாத்தி ஒவ்வொரு கட்டையும் தரையத் தொடுற மாதிரி வைக்கிறாங்க. நடுவுல ரெண்டு காலேஜும் வேற வேற லீக்ல போனதால 2011-க்கு அப்புறம் அந்த மேட்சே நின்னு போய், 2024-லதான் மறுபடி ஆரம்பிச்சுது. அதை ஒட்டி பான்ஃபயரையும் கேம்பஸுக்குக் கொண்டு வரலாமான்னு ஒரு கமிட்டி போட்டுப் பேசுனாங்க, தொழில் தெரிஞ்சவங்களை வச்சு கட்டலாம்ங்கிற யோசனையும் வந்துச்சு, கடைசியில அப்ப யுனிவர்சிட்டி தலைவரா இருந்த மார்க் வெல்ஷ் வேண்டாம்னு முடிவு பண்ணாரு.

எனக்கு அந்த முடிவு சரின்னுதான் படுது. கான்ட்ராக்டர் வந்து கட்டிக் குடுத்தா அது தீ, அவ்வளவுதான், பசங்க காட்டுக்குப் போய் மரம் வெட்டி தோள்ல சுமந்து கட்டுனதுலதான் அதோட உயிரே இருந்துச்சு. பசங்களே கட்டணும்னா மறுபடி அதே ஆபத்து. ரெண்டுக்கும் நடுவுல வழி இருக்கிற மாதிரி எனக்குத் தெரியல. தவிர, பிள்ளைய இழந்த அப்பா அம்மா இன்னும் இருக்காங்க, அதே தீய அதே கேம்பஸ்ல பாருங்கன்னு அவங்ககிட்ட எப்படிங்க சொல்றது.

கேள்வி: பொண்ணோட பட்டமளிப்புக்கு அங்க போறோம். அந்த இடத்தைப் பாக்க முடியுமா? என்ன இருக்கு?
(தம்பதி, திருநெல்வேலி)

பதில்: தாராளமா பாக்கலாம், கட்டாயம் போங்க. அதே இடத்துல 2004 நவம்பர் 18-ல நினைவிடம் திறந்தாங்க. உள்ள போற வழியில 89 கல் வரிசையா இருக்கும், 1909-லேர்ந்து 1998 வரைக்கும் எரிச்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு கல். 1963 வர்ற இடத்துல மட்டும் ஒரு இடைவெளி விட்டிருக்கும், கவனிச்சுப் பாருங்க. மூணு கல்லுல வெட்டு இருக்கும், அதுக்கு முன்னாடியே பான்ஃபயர் வேலையில போன மூணு பேருக்காக.

அதைத் தாண்டுனா பெரிய வட்டம், 170 அடி குறுக்களவு. அதுல 12 வாசல். சும்மா வரிசையா வைக்கலைங்க, ஒவ்வொரு வாசலும் செத்துப்போன அந்தப் பிள்ளையோட சொந்த ஊரு எந்தத் திசையில இருக்கோ அந்தப் பக்கம் பாத்து நிக்குது. வாசலுக்கும் வாசலுக்கும் நடுவுல சேத்துக் கட்டியிருக்கிற 27 கல் அடிபட்டவங்களுக்கு. மதியம் டெக்சாஸ் வெயில் தாங்காது, வெள்ளனவே போயிடுங்க. ஒரு வாசல்ல ஏறி நின்னு அது பாக்குற திசைய நீங்களும் கொஞ்ச நேரம் பாத்துட்டு வாங்க.