அலரி இலையில் இலைவாய் எங்கே?

கேள்வி: மகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். வெள்ளவத்தையில் எங்கள் மதிலோரம் நிற்கும் செவ்வலரி இலையின் கீழ்ப்புறத்தில் நகப்பூச்சு தடவி, உரித்துப் பார்த்தாள். மயிர்தான் தெரிகிறது, இலைவாய் (காற்றும் நீராவியும் போய்வரும் நுண்துளை) இல்லை. நடுநரம்பைக் குறுக்காக வெட்டியும் கிடைக்கவில்லை. தண்டிலும் உரியம் (உணவைக் கடத்தும் இழையம்) எது, மையவிழையம் (தண்டின் நடுவிலுள்ள இழையம்) எது என்று குழப்பம். இவ்வளவு மழை பெய்யும் கொழும்பில் நிற்கும் செடிக்கு வறட்சித் தாவர அமைப்பு எதற்கு?

பதில்: நகப்பூச்சு இலைப் பரப்பின் அச்சைத்தான் எடுக்கும். அலரியின் இலைவாய்களோ கீழ்ப்புறக் குழிகளுக்குள் இருக்கின்றன. ஒரு குழியில் பல இலைவாய்கள். குழியின் வாயை மயிர் அடைத்திருக்கும். நீர் இழப்பைக் குறைக்கும் வறட்சித் தாவர அமைப்பு இதுதான். மகள் கண்டது அந்த மயிரைத்தான். நடுநரம்பின் கீழே குழிகள் கிடையா. இலையைக் கவிழ்த்துக் கைவில்லையால் பார்த்தால், பக்க நரம்புகளுக்கு இடையே வெளிறிய புள்ளிகள் தெரியும். வெட்டு அவற்றினூடாகப் போகவேண்டும்.

முற்றிய இலையில் நடுநரம்பை விலக்கி 5 மி.மீ. அகலத்தில் ஒரு கீற்று எடுங்கள். கரட்டைப் பிளந்து அதனிடையே செருகி, தண்ணீரில் நனைத்த புது பிளேட்டால் ஒரே இழுப்பில் சீவுங்கள். முன்னும் பின்னும் அறுத்தால் தடித்த புறத்தோல் இழுபட்டு உள்ளே இருப்பதெல்லாம் நசியும். இருபது சீவினால் இரண்டு தேறும், அது வழமை. ஒரு ஓரம் மட்டும் மெலிந்த துண்டே போதும்.

குழிகள் கறுப்பாகத் தெரிந்தால் அது உள்ளே சிக்கிய காற்று. சாயத்துக்கு முன் துண்டை 70% அற்ககோலில் ஒரு நிமிடம் வையுங்கள். பிறகு 1% சஃப்ரனின் என்ற சிவப்புச் சாயத்தில் ஒரு நிமிடம். கழுவி, ஒரு துளி கிளிசரின் விட்டு, மூடித்துண்டை (மெல்லிய மூடு கண்ணாடியை) சரிவாக இறக்குங்கள். மேற்றோல் இரண்டு மூன்று படையாக இருக்கும். பொதுவாக இலையின் மேற்பக்கத்தில் மட்டும் இருக்கும் வேலிக்காற் புடைக்கலவிழையம் (நீண்ட பச்சைக் கலங்கள் நெருங்கி நிற்கும் படை) இங்கே இரு பக்கமும் உண்டு. அதைக் கண்டு வெட்டு தலைகீழோ என்று குழம்ப வேண்டாம்: குழியுள்ள பக்கமே கீழ்ப்பக்கம்.

தண்டுக்கு நுனியிலிருந்து மூன்றாம், நான்காம் கணுவிடை நல்லது. வெட்டியதும் பால் வடியும். உடனே தண்ணீரில் அலசாவிட்டால் உறைந்து வெட்டை மறைத்துவிடும். இங்கே காழ் (நீரைக் கடத்தும் இழையம்) வளையத்துக்கு வெளியே மட்டுமல்ல, உள்ளேயும் உரியம் உண்டு. சிவந்த காழின் உட்புற ஓரத்தில் சிறு கலங்கள் நெருங்கிக் கூட்டம் கூட்டமாக நிற்பது உள் உரியம். அதற்கும் உள்ளே பெரிய, உருண்ட கலங்கள் மையவிழையம். படம் கீறும்போது இரண்டையும் சேர்த்து ‘மையவிழையம்’ என்று பெயரிடுவதுதான் வழக்கமான பிழை.

மழையைப் பார்த்துச் செடி குழியை மூடிக்கொள்வதில்லை. மத்தியதரைக்கடல் பகுதி முதல் தெற்காசியா வரை, வறண்ட நிலத்து ஆற்றுப்படுகைகளில் வளர்ந்த இனம் இது. அமைப்பு பரம்பரையாக வருவது; எங்கே நட்டாலும் அப்படியேதான் இருக்கும்.

ஒன்று: அலரியின் எல்லாப் பாகமும் நஞ்சு. கையுறை போடச் சொல்லுங்கள், பால் கண்ணில் படக்கூடாது. வெட்டிய கரட்டும் பிளேட்டும் குப்பைக்கு; இரண்டும் குசினிக்குத் திரும்பக் கூடாது.