கிளட்சை மிதித்தால் மட்டும் சத்தம் வருகிறது; ரிலீஸ் பேரிங்கை மட்டும் மாற்றினால் போதுமா?

மிதிக்கும்போது கரகரவென்று கேட்டு, காலை எடுத்ததும் நின்றால் பெரும்பாலும் ரிலீஸ் பேரிங்தான் (மிதிக்கும்போது பிரஷர் பிளேட்டை அழுத்தி கிளட்சை விடுவிக்கும் பேரிங்). நியூட்ரலில் கேட்டு, மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் (கிளட்சிலிருந்து கியர்பாக்ஸுக்குள் போகும் தண்டு) பேரிங்கைச் சந்தேகப்படுங்கள்.

பேரிங் விலை குறைவு. கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலிதான் அதிகம். எனவே இறக்கியதும் கிளட்ச் பிளேட், ஃபோர்க் (பேரிங்கைத் தள்ளும் கவை) நுனி, பிரஷர் பிளேட்டின் டயாஃப்ரம் விரல்கள் (பேரிங் அழுத்தும் ஸ்பிரிங் நுனிகள்) எல்லாவற்றையும் பாருங்கள். விரல்கள் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால் புதுப் பேரிங்கும் சீக்கிரம் போய்விடும்.

புதுப் பேரிங்கை டீசலிலோ பெட்ரோலிலோ கழுவவே கூடாது. உள்ளே அடைத்த கிரீஸ் கரைந்துவிடும். ஸ்ப்ளைனில் (கிளட்ச் பிளேட் நகரும் இன்புட் ஷாஃப்ட் பற்களில்) மெல்லிய பூச்சு கிரீஸ் போதும். கூடினால் பிளேட்டில் தெறித்து கிளட்ச் வழுக்கும். ஏற்றும்போது கியர்பாக்ஸ் எடையைப் பிளேட்டில் தொங்கவிடாதீர்கள், அதன் நடுப்பகுதியான ஹப் வளைந்துவிடும். கேபிள் கிளட்சானால் பெடல் ஃப்ரீ பிளேயை (கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரத்தை) வண்டியின் மேனுவல்படி வையுங்கள்.