கண்ணாடித் தெய்வத்தை மேடையேற்றல்: அரங்கக் கேள்வி பதில்

கேள்வி: எங்கட நாடகத்துக்குத் ‘தட்டொளியாள்’ என்றொரு தெய்வத்தைக் கற்பனையில உருவாக்கியிருக்கிறம். தன்ர வடிவில தானே மயங்கிக் கிடக்கிறவள், கண்ணாடிக்குள்ள குடியிருக்கிறவள். ஒத்திகையில பார்த்தால் பவுடர் பூசுற பெட்டை மாதிரித்தான் தெரியுது, பயமே வரேல்லை. என்ன செய்யலாம்? (நாடகக் குழு, கோப்பாய்)

பதில்: வசனத்தால் பயமுறுத்தப் பார்க்காதீர்கள். கண்ணாடி எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே அவளும் நடந்துகொள்ளட்டும். கண்ணாடிக்குச் சொந்த முகம் கிடையாது. முன்னால் ஆள் நின்றால்தான் அதற்குள் முகம். அப்படியென்றால், வடிவில் இவ்வளவு கர்வம் கொண்டவளுக்குத் தன் முகம் என்று ஒன்றுமே இல்லை. வருகிறவரின் முகத்தை வாங்கித்தான் அவள் அழகாகிறாள். கர்வம் பசியாக மாறும் இடம் இதுதான். நாடகத்தின் அச்சமும் இங்கிருந்துதான் வரவேண்டும். விளக்கணைந்தால் அவள் இல்லை. நீங்கள் வலது கையை நீட்டினால் அவள் இடது கையை நீட்டுவாள்.

கண்ணாடி உடையும் காட்சி வைத்திருந்தால் இன்னொரு விதியும் கைகொடுக்கும். முகம் முழுதாகத் தெரிய முகத்தின் பாதி உயரமுள்ள கண்ணாடி போதும். எவ்வளவு தள்ளி நின்றாலும் இந்தக் கணக்கு மாறாது. உச்சியிலிருந்து நாடி வரை 22 செ.மீ. என்றால் 11 செ.மீ. துண்டு முழு முகத்தையும் காட்டும். அதைவிடச் சிறியதில் கண் தனியே, உதடு தனியே. ஆகவே பெரிய துண்டு ஒவ்வொன்றிலும் அவள் முழுதாக இருப்பாள்; பொடித் துண்டுகளில் வெறும் கண்கள் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும்.

அவள் கையில் கண்ணாடி கொடுக்காதீர்கள். கர்நாடகத்தின் பேலூர்க் கோயில் சிற்பத்தில் கண்ணாடி பார்க்கும் பெண் பேரழகுதான். ஆனால் அவள் வெளியே நின்று பார்க்கிறவள், உங்களுடையவள் உள்ளே இருப்பவள். ஆஸ்டெக் மக்களின் தெஸ்கற்லிபோகா ‘புகையும் கண்ணாடி’ என்ற பெயர் கொண்ட தெய்வம். அவருக்குரியது எரிமலைக் கண்ணாடிக்கல்லைத் தேய்த்துச் செய்த கறுப்புக் கண்ணாடி. அந்த மங்கலான ஆழம் வேண்டுமானால் சாதாரணக் கண்ணாடித் தட்டு ஒன்றின் பின்புறம் கறுப்புப் பெயின்ற் இரண்டு பூச்சுப் பூசுங்கள். முகம் தெரியும், ஆனால் இருட்டுக்குள் நிற்பதுபோலத் தெரியும்.

கேள்வி: கோயில் பூசையிலயும் கண்ணாடி காட்டுறதுதானே? அம்மனைக் கேலி செய்தமாதிரி ஆகிவிடாதோ? (வாசகர், சுழிபுரம்)

பதில்: தீபாராதனையோடு கண்ணாடி, குடை, சாமரம், விசிறி காட்டுவது இறைவனுக்குச் செய்யும் உபசாரம், அதில் கர்வத்துக்கு இடமில்லை. கேரளத்தில் களவங்கோடத்தில் துறவி நாராயண குரு 1927இல் கண்ணாடியையே பிரதிட்டை செய்தார். இப்படி மதிப்புள்ள பொருள் என்பதால் எல்லையைத் தெளிவாகப் போடுங்கள். தட்டொளியாளுக்கு வேப்பிலை, சூலம், குங்குமம், கற்பூரம் எதுவும் வேண்டாம். பாட்டையும் புதிதாக எழுதுங்கள். வழக்கிலுள்ள தோத்திரத்தின் மெட்டைக்கூடத் தொடவேண்டாம்.

கேள்வி: ஒத்திகைக்குப் பிறகு மெல்லிய வெளிச்சத்தில் கண்ணாடி பார்த்த என்னுடைய மகள், தன் முகம் வேறு ஆளாக மாறினதென்று பயந்துபோனாள். ஏதும் தோஷமா? (ஒரு தாய், சாவகச்சேரி)

பதில்: தோஷம் ஒன்றுமில்லை அம்மா. அசையாமல் ஒரே புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தால் சுற்றியுள்ளவை மங்கி மறையும். 1804இலேயே சுவிஸ் மருத்துவர் திரொக்ஸ்லர் இதை எழுதிவைத்தார். மறைந்த பகுதியை மூளை தன்பாட்டில் நிரப்புகிறது. இத்தாலிய உளவியலாளர் கபூற்றோ 50 பேரை மங்கிய அறையில் கண்ணாடிக்கு 40 செ.மீ. முன்னால் 10 நிமிடம் இருத்தினார். 25 வாற்று விளக்கு அவர்களுக்குப் பின்னால் எரிந்தது. 2010இல் அவர் வெளியிட்ட முடிவின்படி அவர்களில் 66 வீதமானோர் தம் முகம் பெரிதாக உருக்குலைந்ததைக் கண்டார்கள். பெரிய விளக்கைப் போட்டு, கண்ணை நாலு தரம் சிமிட்டினால் முகம் திரும்பிவிடும். மகளுக்கு இதைச் செய்து காட்டுங்கள், பயம் போய்விடும். நாடகக் குழுவினருக்கும் ஒரு சொல்: சின்னப் பிள்ளைகளை இப்படி இருத்தி விளையாட்டுக் காட்டவேண்டாம்.

கேள்வி: கண்ணாடியில் கதாநாயகியின் முகம் மெல்ல மெல்லத் தெய்வத்தின் முகமாக மாறவேண்டும். புரொஜெக்டர் இல்லாமல் முடியுமா? (ஆசிரியை, உரும்பிராய்)

பதில்: முடியும், புரொஜெக்டரைவிட நன்றாகவே வரும். 1862இல் லண்டனில் பெப்பர் என்ற அறிவியல் விரிவுரையாளர் மேடையில் பேயைத் தோன்றவைத்த முறைதான் இதற்கும்.

கண்ணாடிச் சட்டத்துக்குப் பின்னால், உள்ளே முழுக்க மினுக்கமில்லாத கறுப்பு அடித்த ஒரு பெட்டி வேண்டும். அதற்குள் பூச்சில்லாத கண்ணாடித் தட்டை 45 பாகை சரித்து நிறுத்துங்கள். சட்டத்தின் வாய் 60 செ.மீ. அகலமென்றால் தட்டு 85 செ.மீ. அகலம் இருக்கவேண்டும், சரிந்து நிற்பதால் 1.41 மடங்கு தேவை. பலர் 60க்கே வெட்டிவிடுவார்கள், பிறகு ஓரம் தெரியும். தட்டுக்கு நேர் பின்னால், கதாநாயகியைப் போலவே உடுத்த இன்னொரு பெண், அவள்தான் ‘பிம்பம்’. சபைக்குத் தெரியாமல் பக்கவாட்டில் தெய்வம். இருவரும் தட்டின் நடுவிலிருந்து ஒரே தூரம், 120 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். கதாநாயகியைச் சட்டத்துக்கு வெளியே, சபைக்கு முதுகு காட்டி, சற்று ஒதுங்கி நிற்கவிடுங்கள். பிம்பத்தின் விளக்கை டிம்மரில் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) இறக்கிக்கொண்டே தெய்வத்தின் விளக்கை ஏற்றினால் ஒரு முகம் மற்றதாக உருகும்.

அநேகமாகப் பிழைப்பது வெளிச்சத்தில். 45 பாகையில் வெறும் கண்ணாடி திருப்பியனுப்புவது விழும் ஒளியில் ஏறத்தாழ பத்திலொரு பங்குதான், மிச்சம் கடந்து போய்விடும். எனவே தெய்வத்தின் முகத்தில் ஒன்பது பத்து மடங்கு வெளிச்சம் வேண்டும். அவ்வளவு விளக்கு இல்லையென்றால் யன்னலுக்கு ஒட்டும் மெல்லிய வெள்ளிப் பிலிமைத் தட்டில் ஒட்டுங்கள். விளக்கு முகத்தில் விழவேண்டும். தட்டில் நேராக விழுந்தால் தூசி முழுக்கத் தெரிந்துவிடும். சாதாரண எல்.ஈ.டி. மின்குமிழ் டிம்மரில் துடிக்கும், பாதியில் சட்டென்று அணையும். டிம்மருக்கென்று குறித்ததையே வாங்குங்கள்.

முகம் இரட்டையாகத் தெரிந்தால் தட்டு தடிப்பு: முன்பக்கமும் பின்பக்கமும் தனித்தனியே பிரதிபலிக்கின்றன. 6 மி.மீ. தட்டில் இது கண்ணைக் குத்தும், 3 மி.மீ. தட்டில் குறையும். ஆனால் 3 மி.மீ. அக்ரிலிக் என்றால் வளைந்து முகத்தை இழுத்துவிடும். நாலு பக்கமும் மரச்சட்டம் இறுக்குங்கள். கண்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாவிட்டால் உயரம் குறைந்தவரின் காலடியில் பலகை வைத்துச் சரிசெய்து, இருவருக்கும் நாடி தாங்க ஒரு கட்டை கொடுங்கள். தெய்வம் மட்டும் இடவலம் மாறித் தெரிவாள் என்பதால் மூக்குத்தியை அவளுக்கு எதிர்ப்பக்கம் குத்தவேண்டும். மண்டபத்தின் கரைக் கதிரைகளில் முகங்கள் பொருந்தாது. நடுப்பகுதியில் மட்டும் சபையை இருத்துங்கள்.

கேள்வி: நாடகத்துக்கு எடுத்த பழைய அலுமாரிக் கண்ணாடியில் ஓரமெல்லாம் கறுத்துப் புள்ளி விழுந்திருக்கு. திருத்தலாமோ? (வாசகர், காரைநகர்)

பதில்: கடற்காற்றின் உப்பும் ஈரமும் பின்பூச்சின் ஓரத்தால் புகுந்து வெள்ளிப் படலத்தைத் தின்கின்றன; கறுத்தது வெளுக்காது. மேலும் பரவாமலிருக்க ஓரத்தை உலரத் துடைத்து வார்னிஷ் பூசுங்கள். அமோனியா கலந்த திரவத்தைக் கண்ணாடியில் விசிறாமல் துணியில் நனைத்துத் துடையுங்கள். சுவரில் மாட்டும்போது பின்னால் காற்றோட இடம் விடுங்கள். ஆனால் தட்டொளியாளுக்கு இந்தக் கறுத்த கண்ணாடிதான் பொருத்தம், புதிது வாங்கவேண்டாம். ஏற்றி இறக்கும்போது படுக்கவைக்காமல் நிமிர்த்திப் பிடித்து, ஓரத்தில் பிளந்த றப்பர்க் குழாயைச் செருகிக்கொள்ளுங்கள்.