மானுக்கும் காட்டுப்பன்றிக்கும் கையைக் கடிக்காத ரைஃபிள்: எந்தப் பாகத்துக்குக் காசு போடலாம்?

டெக்சாஸில் மானுக்கும் காட்டுப்பன்றிக்கும் சேர்த்து ஒரே ரைஃபிளாகப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்க்கப் போகிறேன், ஆயிரம் டாலருக்குள் முடியுமா, விலை குறைந்ததைப் போட்டால் கூட வேட்டைக்கு வருகிறவர்கள் மட்டமாகப் பேசுகிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். அந்த "மட்டமாகப் பேசுகிறார்கள்" என்ற இடத்தைப் படித்த பிறகு எனக்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் போவது லானோ பக்கம். கருங்கல் பாறை, ஓக் மரம், நம் ஊர்ச் சீமைக்கருவேலத்துக்குப் பங்காளியான மெஸ்கீட் முள். டெக்சாஸின் மான் தலைநகரம் என்று அந்த ஊர் தன்னைத்தானே சொல்லிக்கொள்ளும். எங்கள் லீஸில் (வேட்டைக்காகக் குத்தகைக்கு எடுத்த நிலம்) ஒருவர் ஐயாயிரம் டாலர் ரைஃபிளோடு வருவார். என்னுடையதைப் பார்த்துவிட்டு, அடகுக் கடையில் பிடித்ததா என்று எல்லார் முன்னாலும் கேட்டார். பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன், ஆனால் அது இன்னும் மனதில் கிடக்கிறது. அங்கே நாம் மறைந்து உட்காரும் பிளைண்டுக்கும் மக்காச்சோளம் கொட்டும் ஃபீடருக்கும் இடையில் இருப்பது நூறு யார்டு சொச்சம். வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் இருக்கிற இடம் ஏறக்குறைய எட்டு அங்குல வட்டம். நூறு யார்டில் மூன்று குண்டும் ஒன்றரை அங்குலத்துக்குள் விழுந்தால் அந்த வேலைக்கு அது போதும். ஆயிரம் யார்டு சுடுகிற துப்பாக்கியின் பாகப் பட்டியலை வைத்துக்கொண்டு நூறு யார்டு வேட்டைக்குக் கடை கடையாக அலைவதால்தான் பாதிப் பேருக்கு பட்ஜெட் உதைக்கிறது.

பாகங்களுக்குப் போகும் முன் ஒன்று. நீங்கள் ஹெச்-1பி மாதிரி விசாவில் இருப்பவர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். அதற்கு உள்ள சில விலக்குகளில் நமக்கு உதவுவது அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசன்ஸ். டெக்சாஸில் தனியார் நிலத்தில் நிலக்காரர் சம்மதத்தோடு காட்டுப்பன்றி சுட 2019 செப்டம்பர் 1 முதல் லைசன்ஸே வேண்டாம். அதைக் கேட்டுவிட்டு நமக்கும் வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். பன்றிக்கு வேண்டாம், விசாக்காரர் கையில் இருக்கும் துப்பாக்கிக்கு வேண்டும். டெக்சாஸ் லைசன்ஸ் ஆகஸ்ட் 31-ஓடு முடியும். ஆகஸ்ட் நடுவில் புதியது விற்பனைக்கு வந்ததுமே வாங்கி வைத்துவிடுங்கள். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால் ஹண்டர் எஜுகேஷன் பாடமும் முடித்திருக்க வேண்டும். நான் வக்கீல் இல்லை. உங்கள் நிலைமை வேறு மாதிரி இருந்தால் ஒரு வக்கீலைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

இதை எழுதும்போதே வயிறு எரிகிறது. இத்தனை வருடமாக வரி கட்டுகிறேன், பிள்ளைகள் இங்கேதான் பிறந்தார்கள். கிரீன் கார்டு வரிசையில் நான் நிற்கிற இடம் மட்டும் நகரவே மாட்டேன் என்கிறது. 1990-இல் போட்ட சட்டம், எந்த நாட்டில் பிறந்தவர்களுக்கும் ஒரு வருடக் கார்டுகளில் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்கிறது. எனக்குப் பிறகு வேலைக்கு வந்து, என் கீழே வேலை கற்றுக்கொண்டவர் வேறு நாட்டில் பிறந்த ஒரே காரணத்தால் கார்டு வாங்கி, வீடு வாங்கி, வேலையும் மாறிவிட்டார். எனக்கு வேலை போனால் வேறு வழி தேடக் கெடு அறுபது நாள். ஒரு ரைஃபிள் வீட்டில் இருப்பதுகூட ஒரு லைசன்ஸ் தேதியில் தொங்குகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் விசாவில் இருந்துகொண்டு வேட்டைக்குப் போகிறவருக்கு இது புரியும்.

சரி, ரைஃபிளுக்கு வருகிறேன். கையில் எதுவுமே இல்லாமல் ஆரம்பிக்கிறீர்கள் என்றால் பாகம் பாகமாகச் சேர்ப்பது மலிவு இல்லை. ரூகர் அமெரிக்கன், சாவேஜ் ஆக்ஸிஸ், மாஸ்பெர்க் பேட்ரியட் இதில் ஏதாவது ஒன்றைப் புதிதாக வாங்கினாலே ஆயிரத்தில் பாதிதான் போகும், நூறு யார்டில் ஒன்றரை அங்குலம் என்பதை அவை பெரும்பாலும் பெட்டியிலிருந்து எடுத்ததுமே தந்துவிடும். பழைய ஆக்‌ஷன் (பேரலைப் பொருத்துகிற, போல்ட் ஓடுகிற நடு எந்திரப் பகுதி) ஒன்று நல்ல விலைக்குக் கிடைத்தால் மட்டும்தான் சேர்க்கிற வழி லாபம். எனக்குக் கிடைத்தது.

ஒரு சின்ன ஊர் துப்பாக்கிக் கடையில், பழைய சரக்கு வரிசையில், .243 வின்செஸ்டர் தோட்டாவுக்குச் சேம்பர் (பேரலில் தோட்டா உட்காரும் குழி) வெட்டிய சாவேஜ் ஷார்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் ஒன்று இருந்தது. பேரலின் தொண்டை, அதாவது குண்டு குழலுக்குள் நுழையும் இடம், தேய்ந்து போயிருந்தது, அதனால் யாரும் சீண்டவில்லை. தோட்டாவைப் பின்னாலிருந்து மூடும் தண்டான போல்ட்டை இழுத்துப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு வந்தது. அதைப் பூட்டிப் பிடிக்கும் லாக்கிங் லக்கில் சிதைவு, வெடிப்பு எதுவும் இல்லை. முந்நூறு டாலருக்குக் கொஞ்சம் கீழே பேசி முடித்தேன். துப்பாக்கி வாங்குவதற்கான 4473 படிவம் நிரப்பி, லைசன்ஸைக் காட்டி, பின்னணிச் சோதனை முடிந்து வாங்கி வந்தேன். போல்ட் ஓடுகிற கூடான, சீரியல் எண் இருக்கிற ரிசீவர்தான் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி, அதைக் கடையிலிருந்து வரவழைத்தால் டீலர் வழியாகத்தான் கைக்கு வரும். பேரல், ஸ்டாக் (தோளில் வைக்கும் கட்டை), ஸ்கோப் எல்லாம் சாதாரணப் பார்சலில் வீட்டுக்கே வந்துவிடும்.

சாவேஜைத் தேடியதற்குக் காரணம் உண்டு. 1958-இல் வந்த 110 மாடலில் இருந்தே அவர்கள் பேரலை ஒரு நட்டு போட்டு இறுக்குகிறார்கள். அதனால் முன்பே சேம்பர் வெட்டிய பேரலை வாங்கி, கேஜ் வைத்து ஹெட்ஸ்பேஸ் (மூடிய போல்ட்டுக்கு முன்னால் தோட்டாவுக்கு இருக்கும் இடைவெளி) சரிபார்த்து, நட்டை இறுக்கினால் வேலை முடிந்தது. பேரல் மாற்ற லேத் வேலைக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டாம். .243 என்பதே .308-இன் கழுத்தை ஒடுக்கிச் செய்த தோட்டா. ஆகவே போல்ட், மேகசின் இரண்டையும் தொடாமலே .308 பேரல் பொருந்திவிட்டது. சரியான இடைவெளிக்கான கோ கேஜில் போல்ட் மூடியது, இடைவெளி அதிகமானால் மட்டும் மூடும் நோ-கோ கேஜில் மூடவில்லை. அப்படியும் ஒரு துப்பாக்கி ஆசாரியிடம் கொண்டுபோய் ஒரு தடவை பார்க்கச் சொன்னேன். முகத்துக்கு அரையடி முன்னால் வெடிக்கிற சாமான் இது, அவருக்குக் கொடுக்கும் கூலியில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

பேரலுக்கு இருநூற்றைம்பது டாலர் பக்கம் ஆனது. குரோம்-மாலி இரும்பு, 20 அங்குலம், உள்ளே குண்டைச் சுழற்றும் வரிப்பள்ளம் பத்து அங்குலத்துக்கு ஒரு முறுக்கு. ஸ்டெயின்லெஸ் எடுத்திருக்கலாம், ஆனால் லானோ வறண்ட பூமி, வீட்டுக்கு வந்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்து வைக்கிறேன், துரு ஏறவில்லை. கல்வெஸ்டன் மாதிரி கடலோரம் போகிறவர் என்றால் அந்தக் கூடுதல் காசைக் கொடுங்கள். நீளம் குறைந்தால் வேகம் குறையும் என்பார்கள். .308-இல் அங்குலத்துக்கு நொடிக்கு இருபது இருபத்தைந்து அடிதான் குறையும், நூறு யார்டில் அது கணக்கிலேயே வராது. பிளைண்டுக்குள் பேரல் எங்கும் இடிக்காமல் திரும்புவது எனக்குப் பெரிதாகப் பட்டது.

ஏன் .308, ஏன் 6.5 கிரீட்மூர் இல்லை என்று கேட்க ஒரு கூட்டமே வரும். 2007-இல் வந்த 6.5 அருமையான தோட்டா, உதையும் குறைவு, தூரத்தில் .308-ஐ மிஞ்சும். நான் அதற்கு எதிரி இல்லை. 1952 முதல் இருக்கிற .308 எந்த ஊர்க் கடையிலும் இருக்கும், பேரலும் நிறைய சுடும்வரை தேயாது, பெரிய பன்றிக்குக் கனமான குண்டும் கிடைக்கும். டெக்சாஸில் மானுக்கு .223 என்ற சின்னத் தோட்டா கூடச் சட்டப்படி செல்லும். அதில் கச்சிதமாகச் சுடுகிறவர்கள் இருக்கிறார்கள். புதிதாக ஆரம்பிப்பவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

ஸ்டாக்கில்தான் சிக்கனம் பாருங்கள். பழைய பிளாஸ்டிக் கட்டையையே வைத்துக்கொண்டேன். ஒரு டாலர் நோட்டை பேரலுக்கும் கட்டைக்கும் நடுவில் நுழைத்து முனையிலிருந்து ரிசீவர் வரை இழுங்கள். தட்டாமல் வந்தால் சரி. எனக்கு ஒரு இடத்தில் சிக்கியது, அங்கே மட்டும் உப்புத்தாள் வைத்துத் தேய்த்ததும் நோட்டு முழுதாக ஓடியது. குண்டு மேலும் கீழுமாகச் சிதறியதும் அதோடு நின்றது. கட்டைக்குப் பதிலாக நானூறு டாலர் கொடுத்து வாங்கும் அலுமினியச் சாசி எனக்கு இதற்கு மேல் எதையும் தந்திருக்காது. டிரிகரும் அப்படித்தான். 2003 வாக்கில் இருந்து சாவேஜில் வரும் அக்யூடிரிகரின் இழுவையை நீங்களே மூன்று பவுண்டு சொச்சத்துக்கு இறக்கிக்கொள்ளலாம். குளிரில் விறைத்த விரலுக்கு அதற்குக் கீழே போக வேண்டாம்.

ஸ்கோப்பிலும் அதைப் பிடிக்கிற ரிங்கிலும் கை இறுகக் கூடாது. மான் வருவதே பொழுது சாயும் வேளையில். சூரியன் மறைந்து அரை மணி வரைதான் சட்டம் அனுமதிக்கும், நமக்கு வேண்டிய கிடா அந்தக் கடைசி இருபது நிமிடத்தில்தான் மரத்தடியை விட்டு வெளியே வரும். 3-9x40 அளவு எடுங்கள், அதாவது மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி நாற்பது மில்லிமீட்டர். நாற்பது மில்லிமீட்டர் கண்ணாடியை ஒன்பது மடங்கில் வைத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை நாலரை மில்லிமீட்டருக்கும் குறைவு, ஆறு மடங்குக்கு இறக்கினால் ஆறரைக்கு மேல். இருட்டத் தொடங்கியதும் ஸ்கோப்பின் மடங்கை இறக்கிப் பாருங்கள், கொம்பு தெரியும். வோர்டெக்ஸ் கிராஸ்ஃபயர், லூபோல்ட் விஎக்ஸ்-ஃப்ரீடம் வரிசைகளில் இந்த அளவு நூற்றைம்பதிலிருந்து முந்நூறு டாலருக்குள் கிடைத்துவிடும். அதே காசுக்கு 6-24 என்று பெரிய எண் போட்டு வருவதை எடுக்காதீர்கள், அந்த விலைக்கு எண் பெரிதாகும்போது கண்ணாடி மட்டமாகிவிடும்.

ரிங்குகளை நானே சாப்பாட்டு மேசையில் வைத்துப் பொருத்தினேன். திருகுகளை ஆல்கஹாலில் துடைத்து எண்ணெய்ப் பசை போக்கி, ரிங்கைத் தாங்கும் பேஸின் திருகுக்கு ஒரு சொட்டு நீல லாக்டைட் பசை விட்டு, ரிங் திருகுகளை இறுக்கத்தை அளந்து நிறுத்தும் டார்க் ஸ்க்ரூடிரைவரால் 15 அங்குல-பவுண்டில் நிறுத்தி, குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். அந்த ஸ்க்ரூடிரைவருக்குப் போன காசுதான் மொத்தச் செலவில் உருப்படியானது. லீஸில் குண்டு எங்கேயோ போகிறது என்று புலம்புகிற பலருடைய ரைஃபிளில் நான் பார்த்த கோளாறு தளர்ந்த ரிங்தான், பேரல் இல்லை.

மீதிப் பணம் தோட்டாவுக்கு. இருபது தோட்டா கொண்ட பெட்டி முப்பது டாலர் பக்கம் ஆகும். இரண்டு மூன்று வகை வாங்கிச் சுட்டுப் பார்த்து, உங்கள் பேரலுக்குப் பிடித்தது தெரிந்ததும் ஒரே லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணில் நாலைந்து பெட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என் பேரலுக்கு 165 கிரெய்ன் எடைக் குண்டு வைத்த ஃபெடரல் ஃப்யூஷன் பிடித்தது. ஈயமும் செம்புறையும் ஒன்றோடொன்று பிணைந்த குண்டு, எலும்பில் பட்டாலும் லேசில் சிதறாது.

அப்படிப் பிணைந்த குண்டு எதற்கு என்று முதல் பெரிய ஆண் பன்றியை அறுத்தபோதுதான் கண்ணால் பார்த்தேன். பிப்ரவரி மாதம், பனி விலகாத காலை. தோள்பட்டைத் தோலுக்கு அடியில், டயர் ரப்பர் மாதிரி, என் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு வெள்ளைப் படலம். கத்தி இறங்க மறுத்தது. கிடாப் பன்றிகள் ஒன்றையொன்று குத்திக்கொள்ளும்போது காப்பாற்றும் கேடயம் அது. குண்டு அதைத் துளைத்து, இரண்டு நுரையீரலையும் கடந்து, அந்தப் பக்கத் தோலில் வந்து நின்றிருந்தது. பன்றிக்கு உயிர்நிலை மானுக்கு இருப்பதைவிடக் கீழேயும் முன்னாலும் இருக்கும். மான் சுட்ட பழக்கத்தில் தோளுக்குப் பின்னால் வைத்தால் குடலில் படும், அடிபட்ட பன்றி முள்ளுக்குள் போய்க் கிடந்து சாகும். முன்னங்காலுக்கு நேர் மேலே, உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் வையுங்கள். அறுக்கும்போது கையுறை கட்டாயம், மனிதருக்கும் தொற்றும் புரூசெல்லோசிஸ் நோய்க் கிருமி இருக்கும் பன்றிகள் உண்டு.

உயிரைக் கொல்வதற்கு ஆலோசனை சொல்கிறாயே என்று எழுத வருகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். டெக்சாஸில் இந்தப் பன்றிகள் 26 லட்சம் இருக்கும் என்று டெக்சாஸ் ஏ அண்ட் எம் வேளாண் விரிவாக்கத் துறை மதிப்பிட்டிருக்கிறது. அவை இந்த மண்ணின் விலங்கும் இல்லை, ஐரோப்பியர் கொண்டுவந்து விட்டவை. ஒரே இரவில் ஒரு வயலை உழுது போட்டுவிடும். புது ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் 1937-இல் வந்த பிட்மேன்-ராபர்ட்சன் சட்டப்படி 11 சதவீத வரி போகிறது, அந்தப் பணம்தான் மாநிலங்களின் வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. நான் சுட்டதை வீணாக்குவதில்லை. வீட்டில் மிளகு போட்டு வறுவல் ஆகும், மிச்சம் பக்கத்து வீட்டுக்கும் போகும். இதற்கு மேல் நான் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, ரைஃபிள் முந்நூறுக்குள், பேரல் இருநூற்றைம்பது, ஸ்கோப்பும் ரிங்கும் சேர்ந்து இருநூற்றைம்பது, அப்புறம் கேஜும் ஸ்க்ரூடிரைவரும் நாலு பெட்டித் தோட்டாவும். ஆயிரத்தை ஒட்டி வந்து நிற்கும். இரவில் பன்றி சுட, உடல் சூட்டைக் காட்டும் தெர்மல் ஸ்கோப் வேண்டும் என்று யாராவது ஆசை காட்டுவார்கள், முதல் வருடம் அது வேண்டாம், நல்லதாக எடுத்தால் அதன் விலையே இந்த மொத்த ரைஃபிளை மிஞ்சிவிடும். ஆக்‌ஷன் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் மாடலையும் இப்போது இருக்கும் சேம்பரையும் கீழே எழுதுங்கள், எந்த பேரல் பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன். சீரியல் எண்ணை மட்டும் போடாதீர்கள்.