'நைஸ்' என்றால் திட்டா?

கேள்வி: 'நைஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'முட்டாள்' என்பதுதான் உண்மையான அர்த்தம் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. என் அறிக்கைகளுக்கெல்லாம் எங்கள் மேலாளர் 'நைஸ்' என்றுதான் பதில் போடுகிறார். திட்டுகிறாரா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: எழுநூறு வருடத்துக்கு முன் போட்டிருந்தால் திட்டுதான்!

லத்தீனில் 'நெஸ்கியுஸ்' என்றால் அறியாதவன். 'நெ' இல்லை என்பதைக் குறிக்கும், 'ஸ்கிரே' அறிதல். பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது பேதை, மடையன் என்றே பொருள். பிறகு கூச்சக்காரர், எதற்கெடுத்தாலும் முகம் சுளிப்பவர், நுணுக்கம் பார்ப்பவர் என்று இடம் மாறிக்கொண்டே வந்தது. ஒன்று போய் ஒன்று வந்ததாக நினைக்காதீர்கள். பல பொருள்கள் ஒரே காலத்தில் சேர்ந்தே புழங்கின. 'இனிமையான' என்ற இன்றைய பொருள் 18-ஆம் நூற்றாண்டுச் சரக்கு.

பழைய நூல்களைப் படிக்கும் மாணவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான். 'ரோமியோ ஜூலியட்' ஐந்தாம் அங்கம், இரண்டாம் காட்சியில், போய்ச் சேராத கடிதத்தைப் பற்றி பாதிரியார் லாரன்ஸ் "அது நைஸ் அல்ல" என்கிறார். நல்ல கடிதம் இல்லை என்று எழுதினால் மதிப்பெண் போச்சு. அற்ப விஷயமல்ல என்பது அங்கே பொருள். 1815-இல் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன், அந்தப் போரையே 'நைஸ்' என்றார். ரசித்துச் சொன்னதல்ல, மயிரிழையில் கிடைத்த வெற்றி என்றார். பக்கத்தில் வேறுபாடு, வாதம், கணக்கு என்று ஏதாவது நின்றால் இன்றைக்கும் நுட்பமான, துல்லியமான என்று எடுத்துக்கொள்ளுங்கள். நாம் 'மாவை நைஸாக அரை' என்கிறோமே, அந்த நுண்மை.

மூலப்பொருள்தான் உண்மைப் பொருள் என்பது வாட்ஸ்அப் இலக்கணம். (பிரான்ஸில் உள்ள நீஸ் நகரத்தையும் இதில் இழுக்கிறார்கள். எழுத்து ஒன்றே தவிர உறவில்லை; அது 'நிக்காயா' என்ற கிரேக்கப் பெயர். வெற்றி தொடர்பானது.)

1817 இறுதியில் வெளிவந்த 'நார்த்தாங்கர் ஆபி' நாவலில் ஜேன் ஆஸ்டினின் நாயகன் ஹென்றி டில்னி, நாளும் நைஸ், நடையும் நைஸ், பெண்களும் நைஸ், எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும் என்று கேலி செய்வான். உங்கள் மேலாளரின் 'நைஸ்' அந்த வகை. திட்டவில்லை, அறிக்கையைத் திறந்து பார்த்தாரா என்பதுதான் சந்தேகம். அடுத்த முறை மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வியை வைத்து அனுப்பிப் பாருங்கள்.