முதல் முறை இந்தியா வரும் வெளிநாட்டு மருமகனுக்கு என்னென்ன சொல்லி வைக்க வேண்டும்?

அண்ணாச்சி, உங்கள் மருமகன் அயர்லாந்துக்காரர், இந்தியாவுக்கே முதல் தடவை, டிசம்பரில் மகளோடு நாகர்கோவில் வீட்டில் பத்து நாள் தங்கப்போகிறார், எப்படித் தயார்படுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் அத்தான் நெதர்லாந்துக்காரர். அக்காவைக் கட்டிய பிறகு முதல் தடவை தக்கலைக்கு வந்தபோது ஏற்பாடு எல்லாம் நான்தான் பார்த்தேன். ஏ.சி. மாட்டினோம், புது மெத்தை வாங்கினோம். ஆனால் நமக்குச் சாதாரணமாகத் தெரிகிற விஷயங்களை யாரும் அவரிடம் வாய்திறந்து சொல்லவில்லை. அவர் தடுமாறியதெல்லாம் அந்த இடங்களில்தான்.

முதலில் காகித வேலை. இ-விசாவை அரசின் தளத்தில் மட்டும் போடச் சொல்லுங்கள், முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடியும். அதே போலத் தோற்றம் காட்டும் தனியார் தளங்கள் நிறைய. அத்தான் ஒன்றில் மாட்டிக் கூடுதலாகப் பணம் கட்டினார். இன்னொன்று உங்கள் தலையில் விழுகிற வேலை. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் உள்ளவரைச் சொந்த வீட்டில் தங்கவைத்தாலும், வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறைக்கு இணையத்தில் தகவல் கொடுக்க வேண்டும். முன்பு இதைப் 'படிவம் சி' என்பார்கள். ஓட்டலில் தங்கினால் அவர்களே செய்துவிடுவார்கள், வீடு என்றால் நாம்தான். பலருக்கு இது தெரியாது.

திருவனந்தபுரத்தில் இறங்குவது நல்லது. அங்கிருந்து நாகர்கோவிலுக்குச் சுமார் 70 கிலோமீட்டர். அந்தத் தூரத்தைக் கேட்டு அவர் ஒரு மணி நேரம் என்று கணக்குப் போடுவார். களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை என்று வரிசையாக நெரிசல், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று முன்னமே சொல்லுங்கள். ஹாரன் அடிப்பது கோபத்தில் அல்ல, 'நான் வருகிறேன்' என்று சொல்லத்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அத்தான் அன்று வழி நெடுக யாரோ சண்டைக்கு வருகிறார்கள் என்றே பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

வந்த முதல் இரண்டு நாள் எங்கும் கூட்டிப்போகாதீர்கள். விருந்தும் வேண்டாம். எங்கள் அம்மா ஆசையாக முதல் நாளே மரச்சீனிக்கிழங்கும் சாளைக்குழம்பும் வைத்தார்கள். மூன்றாம் நாள் வயிறு கெட்டு அத்தான் படுத்துவிட்டார். மீனைக் குறை சொல்ல முடியாது, எரிப்பும் தேங்காயும் புளியும் பழகாத வயிறு. சூடான இட்லி, கஞ்சியும் பயறும், மட்டிப்பழம் என்று தொடங்குங்கள். மட்டிப்பழம் நம் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் கொடுக்கிற பழம், எந்த வயிறும் தாங்கும். கொதித்து ஆறிய வெள்ளம் மட்டும், பல் தேய்க்கவும் அதுதான். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாலைந்து வாங்கி வையுங்கள். நான்காம் நாளிலிருந்து மீன்குழம்பைத் தாராளமாக ஊற்றலாம்.

சாப்பாட்டில் இன்னொன்று. போதும் என்று சொன்னாலும் நாம் வைத்துக்கொண்டே இருப்போம். அவர்கள் ஊரில் தட்டில் மிச்சம் வைப்பது மரியாதைக் குறைவோ என்று எண்ணி, வைத்ததை எல்லாம் கஷ்டப்பட்டுத் தின்று தீர்ப்பார்கள். இலைக்கு மேல் கையை நீட்டி மறைத்தால் போதும் என்பதைச் சொல்லிக்கொடுங்கள்.

கோவில் விஷயம் முக்கியம். சுசீந்திரம் தாணுமாலயன் கோவிலிலும் குமரி பகவதி அம்மன் கோவிலிலும் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். நமக்கு அது பிறந்ததிலிருந்து பழக்கம். அத்தானிடம் வாசலில் வைத்துத் திடீரென்று சொன்னதும், தன்னை மட்டும் தனியாகக் கழற்றச் சொல்கிறார்கள் என்று நினைத்து அவர் முகம் வாடிப்போனது. சுற்றி எல்லா ஆண்களும் அப்படித்தான் நிற்கிறார்கள் என்று புரிய ஐந்து நிமிடம் ஆனது. அந்த ஐந்து நிமிடம் எனக்கு இன்றும் மனசில் உறுத்துகிறது. பல கோவில்களில் கொடிமரத்துக்கு அப்பால் இந்துக்கள் மட்டும் என்று பலகை இருக்கும். அதையும் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள், சன்னதி வாசலில் நின்று கேட்டால் வலிக்கும்.

பத்மநாபபுரம் அரண்மனை அவருக்குப் பிடிக்கும். மர வேலைப்பாடும் கண்ணாடி மாதிரி மின்னும் கறுப்புத் தரையும் நின்று பார்க்க வேண்டியவை. திங்கட்கிழமை மூடியிருக்கும். இடம் நம் மாவட்டம், நிர்வாகம் கேரள அரசு என்பதை 1956-ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த கதையோடு சொன்னால் ஆர்வமாகக் கேட்பார். டிசம்பரில் கன்னியாகுமரியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் அதிகம், விவேகானந்தர் பாறைக்குப் படகு வரிசை நீளும். காலையிலேயே போய் நின்றுவிடுங்கள். கடல் சீற்றமாக இருந்தாலோ நீர்மட்டம் தாழ்ந்தாலோ படகு ஓடாது, அதனால் அதற்குக் கடைசி நாளை ஒதுக்காதீர்கள். டிசம்பரில் சூரியன் உதிப்பதும் மறைவதும் இரண்டுமே கடலில் தெரியும், நல்ல மாதம்தான்.

கடலைப் பற்றி மட்டும் கண்டிப்பாகப் பேசுங்கள். அவருக்கு நீச்சல் தெரிந்திருக்கும், அதனாலேயே பயம். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துப் போய்விட்டது. அப்போது கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. எங்கோ தூரத்தில் அடித்த காற்றில் கிளம்பிய அலை, இங்கே வானம் தெளிவாக இருக்கும்போதே திடீரென்று எழும்பிவரும். கரையில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. முட்டம், சொத்தவிளை, சங்குத்துறை எங்கே போனாலும் மணலில் உட்காரட்டும், கால் நனைக்க வேண்டுமானால் அங்குள்ள மீன்பிடிக்காரர்களிடம் கேட்டுவிட்டு இறங்கட்டும். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

அப்புறம் சொந்தக்காரர்கள். சம்பளம் எவ்வளவு, பிள்ளை எப்போது என்று கேட்பார்கள். அக்கறையில் கேட்கிறார்கள் என்று அவருக்கு உங்கள் மகள் முன்கூட்டியே சொல்லட்டும். நீங்களும் தினமும் மதியம் இரண்டு மணி நேரம் அவர் அறைக்கதவு மூடியிருக்க விடுங்கள்.

கையில் ஐம்பது, நூறு ரூபாய்த் தாள் இருக்கட்டும். அயர்லாந்து பிளக் நம் சாக்கெட்டில் போகாது, அடாப்டர் ஒன்று வாங்கி வையுங்கள். திரும்பும்போது நெய்யும் பால்கோவாவும் கட்டிக்கொடுக்காதீர்கள். பால், இறைச்சிப் பொருட்களை வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள். நேந்திரங்காய் சிப்ஸும் கருப்பட்டியும் கொடுத்தனுப்புங்கள்.